மடத்தலைவிகளின் பொன் நூல்

க்வெட்லின்பர்க் என்றொரு நாடு இருந்தது. ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைக்கு வடக்கே ஒரு மணற்கல் குன்று, அதன்மேல் ஓர் ஆலயமும் மாளிகையும், அடிவாரத்தில் ஒரு நகரம், சுற்றிலும் சில கிராமங்கள். நாடு என்பது அவ்வளவுதான். ஆனாலும் அதற்குச் சொந்தமாக நாணயச்சாலை இருந்தது, சுங்கம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பேரரசின் பெருமன்றத்தில் வாக்கும் இருந்தது. 936-லிருந்து 1803 வரை அந்தக் குன்றில் அதிகாரம் பெண்கள் கையில் இருந்தது. அரசனுக்கும் போப்புக்கும் மட்டுமே கட்டுப்பட்ட மடத்தலைவிகள் அவர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாத ஆட்சி அது. ஒரு தலைவி இறந்தால், மடத்துப் பெண்கள் கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த ஆட்சியின் பெரும்பாலான சின்னங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தங்கிய சிலவற்றில் ஒன்று, முழுவதும் பொன் மையில் எழுதப்பட்ட ஒரு நற்செய்தி நூல். அதில் காணப்படும் பெயரை வைத்து அதைச் சாமுவேல் நற்செய்தி நூல் என்கிறார்கள். குன்றிலிருந்து ஒரு குகைக்கும், குகையிலிருந்து டெக்சாஸின் ஒரு சிறு நகரத்துக்கும், அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்கும் போய்த் திரும்பிய நூல் அது. அதன் பயணத்தைச் சொல்லப் புகுந்தால் அதை வைத்திருந்த பெண்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர்களில் ஒருவருக்கும் அது சொந்தமாக இருந்ததில்லை. அது இத்தனை காலம் பிழைத்துக் கிடந்ததற்கு அதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

நூலின் வயது மடத்தின் வயதைவிட அதிகம். ஒன்பதாம் நூற்றாண்டில், சார்லமேனின் வாரிசுகள் ஆண்ட காலத்தில், தெற்கு ஜெர்மனியில் எழுதப்பட்டது. பதப்படுத்திய தோலில், நான்கு நற்செய்திகளும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பொன்னில். பொன்னைத் தூளாக்கிப் பசையில் குழைத்து, இறகுப் பேனாவால் தொட்டு எழுதுவார்கள். ஒரு தலைப்புக்கோ முதல் எழுத்துக்கோ மட்டும் பொன் தீட்டுவது பல மடங்களுக்கும் கட்டுப்படியாகும். முழு நூலையும் பொன்னில் எழுத வேண்டுமென்றால் பின்னால் பெரும் செல்வம் நிற்க வேண்டும். நூலுக்குள் நான்கு நற்செய்தியாளர்களும் முழுப் பக்க ஓவியங்களாக இருக்கிறார்கள். இப்படிப்பட்ட நூல்கள் வாசிப்பதற்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. திருநாளில் ஊர்வலமாக எடுத்து வந்து பீடத்தில் வைக்கப்படும். அன்று அதைத் தூரத்திலிருந்து பார்ப்பதே எளிய மக்களுக்குக் கிடைத்த தரிசனம்.

மடம் பிறந்த கதை ஒரு விதவையின் கதை. கிழக்குப் பிராங்க் நாட்டின் அரசர் முதலாம் ஹென்றி, 929-ல் தம் மனைவி மடில்டாவுக்கு அவருடைய பிற்கால வாழ்வுக்கென்று சில இடங்களை எழுதிக் கொடுத்தார். க்வெட்லின்பர்க் அவற்றில் ஒன்று. 936 ஜூலை 2-ல் ஹென்றி இறந்தார். அவரை இந்தக் குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய அரசர் முதலாம் ஓட்டோ, தம் தாயின் விருப்பப்படி இங்கே ஒரு பெண்கள் மடத்தை நிறுவிச் சாசனம் கொடுத்தார். கணவரின் கல்லறை அருகே அவருக்காக இடைவிடாமல் பிரார்த்தனை நடக்க வேண்டும்; அதற்காகத்தான் மடம். மடில்டா தலைவிப் பட்டம் சூட்டிக்கொள்ளாமலே முப்பது ஆண்டுகள் மடத்தை நடத்தினார். 968-ல் இறந்தபோது அவரையும் கணவர் அருகிலேயே வைத்தார்கள்.

966-ல் முதல் தலைவியாக அமர்ந்தவர் ஓட்டோவின் மகள். பாட்டியின் பெயரையே கொண்ட மடில்டா. அப்போது அவருக்கு வயது 11. பெயருக்கு உட்கார வைக்கப்பட்ட சிறுமி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தலைமையில் க்வெட்லின்பர்க் பேரரசின் ஈஸ்டர் நகரமாக இருந்தது. 973-ல், தாம் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, பேரரசர் ஓட்டோ இங்கேதான் ஈஸ்டர் கொண்டாடினார். டேனியர், ஹங்கேரியர், பல்கேரியர், பைசாந்தியர் என்று பல தேசத்துத் தூதர்கள் இந்தச் சிறு குன்றுக்கு வந்தார்கள். 994-ல் மூன்றாம் ஓட்டோ மடத்துக்குச் சந்தை நடத்தவும், காசு அடிக்கவும், சுங்கம் வாங்கவும் உரிமை கொடுத்தார். 997-ல் அவர் இத்தாலிக்குப் போகும்போது ஜெர்மானிய நாட்டைத் தம் அத்தையான மடில்டாவின் பொறுப்பில் விட்டுச் சென்றார். 998-ல் டெரன்பர்க்கில் நாட்டின் பிரபுக்களைக் கூட்டி அவை நடத்தியவர் இந்த மடத்தலைவிதான். மறு ஆண்டு இறந்துபோனார். வயது நாற்பத்து நான்கு.

மடத்துக்குள் எழுத்தும் நடந்தது. க்வெட்லின்பர்க் ஆண்டுக் குறிப்புகள் என்ற வரலாறு அந்தக் காலத்தில் இங்கே எழுதப்பட்டது. லித்துவேனியா என்ற நாட்டின் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவது அதில், 1009-ஆம் ஆண்டுக் குறிப்பில்தான். 2009-ல் லித்துவேனியா தன் பெயரின் ஆயிரமாம் ஆண்டைக் கொண்டாடியது இந்த மடத்துச் சுவடியை ஆதாரமாக வைத்துத்தான்.

இந்தப் பெண்களைக் கன்னியாஸ்திரிகள் என்று நினைத்தால் படம் மாறிவிடும். அவர்கள் எடுத்தது வாழ்நாள் துறவு அல்ல. தனிச் சொத்து வைத்துக்கொள்ளலாம், பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் வெளியேறித் திருமணமும் செய்துகொள்ளலாம். தலைவி மட்டுமே மணமின்றி இருக்க வேண்டும். எல்லோரும் உயர்குடிப் பெண்கள். அவர்களுக்கு நிலம் உண்டு, குடியானவர்கள் உண்டு, தானியமாகவும் பணமாகவும் வரும் வாரம் உண்டு. நம் ஊர் ஆதீனங்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்: வழிபாடும் நிலவுடைமையும் வாரிசு நியமனமும் ஒரே பீடத்தில் சேர்ந்திருக்கும். க்வெட்லின்பர்க்கில் அதற்கு மேல் ஆட்சியுரிமையும் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர்கள் அடித்த வெள்ளிக் காசுகள் இலைபோல மெல்லியவை. ஒரு பக்கம்தான் அச்சு. அந்தக் காசில் அமர்ந்திருப்பவர் மடத்தலைவி.

ஆனால் ஒரு குறை இருந்தது. திருச்சபையைச் சேர்ந்தவர் வாள் எடுக்கக் கூடாது. மரண தண்டனை விதிக்கவும், படை திரட்டவும், எல்லை காக்கவும் ஓர் ஆண் பிரபு வேண்டும். அவரைக் காவல் பிரபு என்று சொல்லலாம். காவலுக்கு வந்தவர்கள் கொல்லையை மேய்ந்த கதைதான் மடத்தின் அரசியல் வரலாறு முழுவதும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவல் பிரபுவாக இருந்தவர் ஃபால்கென்ஸ்டைனைச் சேர்ந்த ஹோயர். ஜெர்மன் மொழியின் மாபெரும் சட்ட நூலான சாக்சன்ஷ்பீகலை லத்தீனிலிருந்து மக்கள் மொழிக்குக் கொண்டுவரும்படி அதன் ஆசிரியர் ஐக்கே ஃபான் ரெப்கோவைக் கேட்டுக்கொண்டவர் இவரே. சட்டத்தை மக்கள் மொழியில் கேட்ட அதே மனிதர், தாம் காக்க வேண்டிய மடத்தோடு நீண்ட பூசலில் இருந்தார். அவருக்கும் தலைவி சோபியாவுக்கும் நடந்த சண்டையில் மடத்துக்கு நிம்மதி இல்லாமல் போனது.

அந்தக் கலக்கமான ஆண்டுகளை ஒட்டித்தான், 1225-30 வாக்கில், சாமுவேல் நூலுக்கு இப்போதிருக்கும் மேலட்டை செய்யப்பட்டது. மரப்பலகையின்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு. அதன்மேல் முறுக்கிய மெல்லிய கம்பிகள் கொடிபோலச் சுருண்டு ஓடுகின்றன. கொடியின் கண்ணிகளில் வண்ணக் கற்களும் முத்துகளும் உட்கார்ந்திருக்கின்றன. கற்கள் பட்டை தீட்டியவை அல்ல, வழவழப்பாக உருட்டி மெருகேற்றியவை. ஒளியை வெட்டித் தெறிக்காமல் உள்ளே வாங்கி வைத்திருக்கும் வகை அது. நானூறு ஆண்டு பழைய நூலுக்கு இப்படி ஒரு புது உடை உடுத்திப் பார்க்க அந்தப் பெண்களுக்கு அப்போது பணமும் மனமும் இருந்திருக்கின்றன.

அட்டை செய்தவர் யார் என்று பெயர் இல்லை. ஆனால் அதன் கூடப் பிறந்தது போன்ற இன்னொரு பொருளில் பெயர்கள் உண்டு. புனித செர்வாசியுஸின் தந்தப் பேழை அது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தந்தப் பலகைகளில், வளைவுகளுக்குக் கீழே சீடர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ராசிச் சின்னம். கிறிஸ்துவின் சீடர்களுக்கு மேலே மேஷமும் ரிஷபமும் இருப்பதைக் கண்டு அந்தக் காலத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. பேழையின் முன்புறத்தில் பெரிய செவ்வந்திக்கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். அதில் ரோமானியர் காலத்தில் செதுக்கியிருப்பது கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸின் தலை. புனிதரின் எலும்புகள் வைத்த பெட்டியில் மதுக்கடவுள்! கல்லின் அழகுக்காக வைத்தார்களா, பழைய ரோமின் பெருமை தங்களுக்கும் உண்டு என்று காட்ட வைத்தார்களா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். அடித்தகட்டில் 1200-ஐ ஒட்டி வெட்டிய வாசகம், இது தலைவி ஆக்னஸ், துணைத்தலைவி ஓடராடிஸ் ஆகியோர் காலத்தில் செய்யப்பட்டது என்று பதிவு செய்கிறது. மைசன் பிரபு குடும்பத்திலிருந்து வந்த இந்த ஆக்னஸின் காலத்தில்தான், ஐரோப்பாவில் முடிச்சிட்டு நெய்த கம்பளங்களில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழையது மடத்தில் தொடங்கப்பட்டது. அதன் துண்டுகளும் க்வெட்லின்பர்க்கிலேயே இருக்கின்றன.

இந்தப் பொருள்களெல்லாம் ஆலயத்தின் வடக்குச் சிறகில் கட்டப்பட்ட தடித்த சுவர்கள் கொண்ட ஓர் அறையில் இருந்தன. தலைவி மாறினால் பொறுப்பு மாறும். பொருள் அங்கேயே இருக்கும். யாரும் தம் பிறந்த வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. யாரும் விற்றுக் கடனடைக்கவில்லை. சாக்சனி, மைசன், ஸ்டோல்பர்க் என்று பெரிய குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள் அவர்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் நாட்டையே அடகு வைத்த காலம் அது.

அண்ணன் தம்பிகள் என்றதும் ஹெட்விக் நினைவுக்கு வருகிறார். சாக்சனியின் தேர்வுரிமை இளவரசரின் மகள். 1458-ல், 12 வயதில், தலைவியாக்கப்பட்டார். அந்த நூற்றாண்டில் நகரத்தின் வணிகர்கள் வளர்ந்திருந்தார்கள். 1426-ல் ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்து, சந்தையில் தங்கள் சுதந்திரத்தின் அடையாளமாக வாளேந்திய ரோலண்ட் சிலையை நிறுத்தியிருந்தார்கள். குன்றின்மேல் இருக்கும் பெண்ணுக்கு நாங்கள் ஏன் அடங்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஹெட்விக் தம் சகோதரர்கள் எர்ன்ஸ்டையும் ஆல்பிரெக்டையும் உதவிக்கு அழைத்தார். 1477-ல் சாக்சனிப் படை நகரத்தைப் பிடித்தது. ரோலண்ட் சிலை கீழே தள்ளப்பட்டது. நகரம் ஹன்சாவை விட்டு விலக வேண்டியதாயிற்று. அந்தச் சிலை மறுபடி நின்றது 1869-ல். ஹெட்விக் வென்றார், ஆனால் காவல் உரிமை சாக்சனியின் கைக்குப் போனது. உதவிக்கு வந்த உடன்பிறப்புகளே இனி அவருக்கு மேலே உட்கார்ந்தார்கள்.

நூலுக்கு வந்த பெரிய ஆபத்து படையால் வரவில்லை, மதத்தால் வந்தது. மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் பரவிய இடங்களில் புனிதர்களின் எலும்புகளுக்கு மதிப்புப் போனது. எலும்புக்கு மதிப்புப் போனால் அதை வைத்த வெள்ளிப் பேழைக்கு உலைதான் கதி. எத்தனையோ ஆலயங்களின் செல்வம் அந்த ஆண்டுகளில் உருகிக் காசானது. க்வெட்லின்பர்க்கில் அப்போது தலைவி ஸ்டோல்பர்க்கின் அன்னா. சிறுமியாக இருக்கும்போதே பதவிக்கு வந்தவர். காவல் உரிமை வைத்திருந்த சாக்சனியின் டியூக் கியோர்க் தீவிரக் கத்தோலிக்கர் என்பதால் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1539-ல் கியோர்க் இறந்ததும் அன்னா லூதரன் வழிபாட்டைக் கொண்டுவந்தார். மடம் கலையவில்லை. லூதரன் மடமாகத் தொடர்ந்தது. தலைவியும் பேரரசின் இளவரசியாகவே தொடர்ந்தார். கருவூல அறையின் பொருள்களையும் உருக்கவில்லை. வணங்குவதை நிறுத்திவிட்டார்கள், வைத்திருப்பதை நிறுத்தவில்லை. 1574 வரை பதவியில் இருந்த அன்னாவுக்கு இந்த நூல் பட்ட கடன் பெரிது. வரலாற்று நூல்களில் அவர் பெயர் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் மெல்லத் தேய்ந்தன. சாக்சனியின் வலிமையன் ஆகஸ்ட், போலந்து மணிமுடிக்காகப் பணம் திரட்டியபோது, காவல் உரிமையைப் பிராண்டன்பர்க்குக்கு விற்றார். 1698-ல் பிராண்டன்பர்க் படை ஊருக்குள் நுழைந்தது. தலைவி அன்னா டொரோத்தியா எதிர்ப்புத் தெரிவித்தார், கேட்பார் இல்லை. அதே ஆகஸ்டின் முன்னாள் காதலி ஔரோரா ஃபான் கோனிக்ஸ்மார்க் மடத்தில் துணைத்தலைவியானார், தலைவியாக மட்டும் மற்றப் பெண்கள் விடவில்லை. 1756-லிருந்து மகா பிரெடெரிக்கின் தங்கை அன்னா அமாலியா தலைவி. அவர் பெரும்பாலும் பெர்லினில் இருந்தார். பாக்கின் இசைக் கையெழுத்துகளைச் சேகரித்துக் காத்ததற்காக இசை உலகம் அவரை இன்றும் நினைக்கிறது. 1787-ல் வந்த ஸ்வீடன் இளவரசி சோபியா ஆல்பர்டினா கடைசித் தலைவி. நெப்போலியனிடம் நிலமிழந்த ஜெர்மன் அரசர்களுக்கு ஈடுகட்டுவதற்காகத் திருச்சபை நாடுகளைப் பங்குபோட்டபோது, 1803-ல் க்வெட்லின்பர்க் பிரஷ்யாவின் பங்குக்குப் போனது. நாடு முடிந்தது. ஆலயம் ஊர் மக்களின் ஆலயமானது. பொன் நூல் தன் அறையில் இருந்தது.

1936 ஜூலை 2-ல் அந்த ஆலயத்துக்குள் கறுப்புச் சீருடைகள் நுழைந்தன. முதலாம் ஹென்றி இறந்து ஆயிரம் ஆண்டு நிறைந்த நாள். நாஜிகளின் எஸ்.எஸ். படைத்தலைவர் ஹிம்லர், கிழக்கு நோக்கிப் படை நடத்திய ஜெர்மானிய வீரராக ஹென்றியைக் கொண்டாடினார். தம்மை அவருடைய வழித்தோன்றலாகவே பாவித்தார். ஹென்றியின் எலும்புகள் கல்லறையில் இல்லை என்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. தோண்டச் சொன்னார், எலும்புகள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டு, 1937-ல் சடங்குகளோடு புதைக்கப்பட்டன. 1938-ல் சபையை வெளியேற்றி ஆலயத்தை எஸ்.எஸ். எடுத்துக்கொண்டது. வழிபாடு நின்றது. ஒரு விதவை தன் கணவருக்காகப் பெண்களைப் பிரார்த்திக்கச் சொன்ன இடத்தில் தீப்பந்த அணிவகுப்பு நடந்தது. இந்த இடத்தைப் பற்றி எழுதும்போது எனக்குப் பொறுக்க முடியாத பகுதி இதுதான்.

போர் வந்தது. கருவூலப் பொருள்கள் முதலில் ஒரு வங்கியின் பெட்டகத்துக்குப் போயின. குண்டுவீச்சு கடுமையானதும் நகரத்துக்கு வெளியே ஆல்டென்பர்க் குன்றின் குகைக்குள் வைக்கப்பட்டன. 1945 ஏப்ரல் 19-ல் அமெரிக்கப் படை நகரத்தைப் பிடித்தது. குகையைக் காக்கும் பொறுப்பு 87-ஆவது பீரங்கிப் படைப்பிரிவுக்குக் கிடைத்தது. அதில் ஒரு லெப்டினன்ட், டெக்சாஸின் வைட்ரைட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோ டாம் மெடோர். கல்லூரியில் ஓவியக்கலை படித்தவர். பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்ட ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது. அவர் எடுத்த முறை எளிமையானது. பொருளைப் பொதிந்து, ராணுவத் தபாலில், தன் வீட்டுக்கு அனுப்பினார். ஆயிரத்து நூறு ஆண்டு வயதான பொன் நூல் சாதாரண தபால் பொட்டலமாக அட்லாண்டிக் கடலைத் தாண்டியது.

சில வாரங்களில் திருட்டுத் தெரிந்தது. பன்னிரண்டு பொருள்கள் இல்லை. ஆலயத்தார் புகார் கொடுத்தார்கள்; அமெரிக்க ராணுவம் விசாரிக்கத் தொடங்கியது. ஆனால் வெற்றி பெற்ற நாடுகளின் உடன்படிக்கைப்படி ஜூலையில் க்வெட்லின்பர்க் சோவியத் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. விசாரணை இரும்புத்திரைக்கு இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நின்றுபோனது. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு லூதரன் சபை, அமெரிக்காவில் எங்கோ இருக்கும் தன் பொருளைத் தேடக் கூடிய நிலையில் இல்லை. மெடோரோ பிரான்சிலும் வீட்டுப் பொருள் திருடி, அங்கே ராணுவ நீதிமன்றத்தில் மாட்டினார். அந்த வழக்கையும் இந்தப் புகாரையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய அவர் குடும்பத்தின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொண்டார். ஆர்க்கிட் பூச்செடிகள் வளர்த்தார். பொருள்களை விற்கவில்லை; தெரிந்தவர்கள் சிலருக்குக் காட்டியதுண்டு. அவற்றை அவர் நேசித்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். மடத்தலைவிகளும் நேசித்தார்கள், ஆனால் அவர்கள் தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காக வைத்திருந்தார்கள். மெடோருக்குப் பின்னால் வந்தது வாரிசுரிமை. 1980-ல் அவர் இறந்ததும், அண்ணன் தங்கை பாகம் பிரித்துக்கொள்ளும் சொத்தாக நூல் மாறியது. அது ஊர் வங்கியின் பெட்டகத்துக்குப் போனது. பிறகு விலை கேட்டுப் புத்தக வணிகர்களின் கைகளைச் சுற்றியது. பார்த்த நிபுணர்களில் சிலருக்கு அது க்வெட்லின்பர்க்கிலிருந்து காணாமல் போன நூல் என்று தெரிந்தது. சிலர் ஒதுங்கினார்கள். காவல்துறைக்கு யாரும் ஓடவில்லை.

1990-ல் ஒரு ஜெர்மன் புத்தக வணிகர் வழியாக, சுவிட்சர்லாந்தில் வைத்து, மேற்கு ஜெர்மனியின் மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் பண்பாட்டு அறக்கட்டளை நூலை வாங்கியது. விலை என்று சொல்லவில்லை. கண்டெடுத்தவருக்கான சன்மானம் என்றார்கள். 30 லட்சம் டாலர் பேசப்பட்டது. யாரிடமிருந்து வந்தது என்பது அப்போது வெளியே சொல்லப்படவில்லை. நியூயார்க் டைம்ஸின் வில்லியம் ஹோனனும், ஜெர்மன் ஆய்வாளர் வில்லி கோர்ட்டும் தடம் பிடித்து டெக்சாஸுக்குப் போனார்கள். அந்த ஆண்டு ஜூனில் மெடோரின் பெயர் செய்தித்தாளில் வந்தது. மற்றப் பொருள்களும் அங்கேயே இருக்கின்றன என்று தெரிந்ததும் ஆலயச் சபை டாலஸில் வழக்குப் போட்டது. பெர்லின் சுவர் விழுந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வழக்குத் தொடர்ந்த சபை இருந்த நாடே அந்த அக்டோபரில் இல்லாமல் போனது.

சட்டம் சபையின் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். திருடியவனுக்குப் பொருளின் உரிமை வராது. அவனிடமிருந்து பெற்றவனுக்கும் வராது. ஆனால் காலவரம்பு என்று ஒன்று இருக்கிறது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து வந்து கேட்க முடியுமா, கேட்கும் உரிமை எப்போதிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில் வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கலாம். அதற்குள் பொருள்கள் மறைந்துவிடும் அபாயமும் இருந்தது. ஆகவே சமரசம் பேசினார்கள். மெடோரின் வாரிசுகளுக்கு மொத்தம் 27.5 லட்சம் டாலர் என்று முடிவானது. திருட்டுக்குப் பரிசா என்று அன்று கோபப்பட்டவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் சபையின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். வழக்கில் தோற்றுப் பொருளை இழப்பதற்கு அந்தச் சபைக்கு உரிமை இல்லை. அது அவர்களுடைய தலைமுறைக்கு மட்டும் உரியதில்லை.

பொருள்கள் டாலஸ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1992-ல் பெர்லினில் கருவூலம் முழுவதும் ஒன்றாக வைக்கப்பட்டது. 1993 செப்டம்பரில் குன்றின்மேல், செர்வாசியுஸ் ஆலயத்தின் கருவூலத்தில், பார்வையாளர்களுக்காகக் கதவு திறந்தது. மறு ஆண்டு ஆலயத்தையும் மாளிகையையும் பழைய நகரத்தையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

டெக்சாஸில் கதை இன்னும் சில ஆண்டு நீண்டது. 1996-ல் அமெரிக்க அரசு, திருட்டுப் பொருளை விற்கச் சதி செய்ததாக வாரிசுகள்மேல் குற்றம் சாட்டியது. அரசு தாமதமாக வந்துவிட்டது என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. வரித்துறை மட்டும் விடவில்லை. மெடோர் இறந்தபோது இவ்வளவு மதிப்புள்ள சொத்து கணக்கில் காட்டப்படவில்லை என்று பெருந்தொகை கேட்டது. 2000-த்தில் அது 1,35,000 டாலருக்கு முடிந்தது.

1945-ல் போனவை பன்னிரண்டு, வந்தவை பத்து. படிகத்தில் செய்த சிறு பேழை ஒன்றும் சிலுவை ஒன்றும் இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் இப்படிப்பட்டவை ஊர்பேர் இல்லாமல் வருவது வழக்கம். க்வெட்லின்பர்க்கின் கருவூலப் பட்டியலில் அந்த இரண்டின் பெயர்களையும் யாரும் அடிக்கவில்லை.